யோகா வகுப்பில் எத்தனை கலோரி செலவாகிறது? நீங்களே கணக்குப் போடும் முறை

யோகா வகுப்பில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அநேகமாக எல்லோருக்கும் வரும் கேள்வி இது: ஒரு மணி நேரம் செய்தால் எவ்வளவு கலோரி போகும்? செல்போனில் தேடினால் ஓரிடத்தில் 150 என்று இருக்கும், இன்னோரிடத்தில் 450 என்று இருக்கும். இரண்டையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. 'யோகா' என்ற ஒரே பெயரில் மிக மெதுவான பயிற்சியும் இருக்கிறது, மூச்சு வாங்க வைக்கும் பயிற்சியும் இருக்கிறது. எது உங்களுடையது என்று தெரியாமல் எந்த எண்ணை எடுத்தாலும் தவறாகத்தான் போகும்.

நான் யோகா தொடங்கிய வருடம், செல்போன் செயலி ஒன்று என் காலை வகுப்புக்கு 380 கலோரி என்று தினமும் காட்டியது. அவ்வளவு செலவாகிவிட்டதே என்ற தைரியத்தில் காலையில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். நான்கு மாதத்தில் எடை குறையவில்லை, ஒரு கிலோ கூடியிருந்தது. யோகா நமக்குச் சரிப்படாது என்று நிறுத்திவிடும் நிலைக்கே வந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது உண்மையான செலவு அதில் பாதிகூட இல்லை. தவறு யோகாவில் இல்லை, எண்ணில் இருந்தது. அதனால்தான் புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். பெருக்கல், வகுத்தல், கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

முதல் படி: எடையைப் பாருங்கள்

காலையில் வெறும் வயிற்றில், கழிப்பறை போய்வந்த பிறகு எடை பாருங்கள். ஒரே உடற்பயிற்சிக்கு 50 கிலோ ஆளும் 80 கிலோ ஆளும் ஒரே அளவு சக்தியைச் செலவிடுவதில்லை. எடையைக் கேட்காமல் கலோரி சொல்லும் எந்தப் பட்டியலையும் நம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் தெளிவாக்கிக்கொள்வோம். பேச்சு வழக்கில் நாம் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோ கலோரி. உணவுப் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதும் அதுதான். இந்தக் கட்டுரையிலும் அதையே கலோரி என்கிறேன்.

இரண்டாம் படி: 'மெட்' என்ற அளவைப் புரிந்துகொள்ளுங்கள்

சும்மா அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பு சக்தியைச் செலவழித்துக்கொண்டேதான் இருக்கிறது. இதயம் துடிக்க வேண்டும், மூச்சு ஓட வேண்டும், உடம்புச் சூடு நிலைக்க வேண்டும். அந்தச் சும்மா இருக்கும் செலவை 1 மெட் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு வேலைக்கு 3 மெட் என்றால், சும்மா இருப்பதைப் போல மூன்று மடங்கு செலவு என்று பொருள். சுருக்கமாக, 1 மெட் என்பது ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 கலோரி. 60 கிலோ ஆள் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் 60 கலோரி.

நடப்பது, துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது என்று நூற்றுக்கணக்கான வேலைகளுக்கு மெட் அளவு போட்ட ஒரு பெரிய பட்டியலை அமெரிக்க ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்டார்கள். பிறகு அவ்வப்போது புதுப்பித்து வருகிறார்கள். அதன் 2011 பதிப்பில் மெதுவான ஹட யோகாவுக்கு 2.5, சூரிய நமஸ்காரத்துக்கு 3.3, வேகம் கூடிய பவர் யோகாவுக்கு 4, மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்திப் பிராணாயாமத்துக்கு 2 என்று இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக: சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் அளவில் நடப்பது 3.5.

மூன்றாம் படி: வகுப்பைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

கணக்கு தப்பிப்போவது இங்கேதான். ஒரு மணி நேர வகுப்பை ஒரே எண்ணால் பெருக்கிவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் என்னவெல்லாம் நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விரிப்பைப் போட்டுக் கண்மூடி உட்காருகிறோம். கழுத்து, தோள், இடுப்பு, மூட்டுகளைச் சுழற்றித் தளர்த்துகிறோம். சூரிய நமஸ்காரம் சில சுற்று. அப்புறம் நின்ற நிலை ஆசனங்கள், உட்கார்ந்தவை, குப்புறப் படுத்தவை, மல்லாந்தவை. நடுவில் ஆசிரியர் ஒருவருடைய முதுகைத் திருத்தும்வரை மற்றவர்கள் காத்திருக்கிறோம். பிறகு பிராணாயாமம். கடைசியில் சவாசனம், அதில் சிலர் தூங்கியும் விடுவார்கள். இது அத்தனைக்கும் ஒரே செலவாக இருக்க முடியாது.

ஆகவே ஒரே ஒரு நாள், சுவர்க் கடிகாரம் கண்ணில் படும் இடத்தில் விரிப்பைப் போடுங்கள். எந்தப் பகுதி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் எழுதிவிடுங்கள். பயிற்சியின் நடுவே எழுத வேண்டாம், கவனம் சிதறும். பெரும்பாலான வகுப்புகள் தினமும் ஒரே ஒழுங்கில்தான் நடக்கும், அதனால் ஒரு நாள் குறித்தாலே பல வாரங்களுக்குப் போதும்.

நான்காம் படி: ஒவ்வொரு துண்டுக்கும் சரியான எண்

யோகா பற்றி வந்த சக்திச் செலவு ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2016இல் வெளிவந்தது. அதன்படி தனித்தனி ஆசனங்களின் சராசரி 2.2 மெட். பிராணாயாமம் 1.3. முழு வகுப்பாகப் பார்த்தால் சராசரி 3.3. ஆனால் அந்த ஆய்வுகளில் மிகக் குறைந்தது 1.83, மிக அதிகம் 7.4. நான்கு மடங்கு வித்தியாசம்! செல்போனில் பார்த்த இரண்டு எண்களும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது இப்போது புரியும்.

அந்த 7.4 சூரிய நமஸ்காரத்துக்கு உரியது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பயிற்சி பெற்ற இந்தியர்கள் ஆறு பேரைத் தொடர்ச்சியாகச் சுற்றுகள் செய்யவைத்து அளந்தார்கள். 60 கிலோ ஆளுக்கு 30 நிமிடத்தில் 230 கலோரி என்று வந்தது. அதற்கு முன், 2004இல், இந்திய ராணுவத்தைச் சேர்ந்த 21 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வில் நிமிடத்துக்கு 3.79 கலோரிதான். 2011 ஆய்வில் நிமிடத்துக்கு 7.6க்கு மேல். அதே நமஸ்காரம், பாதிச் செலவு. காரணம் பெரும்பாலும் வேகமும் தொடர்ச்சியும்தான். ஒவ்வொரு நிலையிலும் நின்று, மூச்சு விட்டு, அடுத்ததற்குப் போகிறவருக்கும், குதித்துப் பின்னே போய் நிற்காமல் அடுத்த சுற்றைத் தொடங்குகிறவருக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்?

ஆகவே சூரிய நமஸ்காரத்துக்கு எண் எடுக்கும்போது உங்கள் மூச்சைக் கவனியுங்கள். செய்துகொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் சிரமமில்லாமல் பேச முடிகிறதா? 3.3 போடுங்கள். பேச முடிகிறது, ஆனால் நடுவில் மூச்சு இழுக்க வேண்டியிருக்கிறதா? 4 முதல் 5. இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் வரவில்லையா? 6 அல்லது 7. புதிதாகச் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு 3.3தான் சரி. கைகால் வலிப்பதை வைத்து எண்ணைக் கூட்டிவிடாதீர்கள். தசை வலி வேறு, சக்திச் செலவு வேறு.

இனி பாணிகள். மெதுவான ஹட யோகா, ஐயங்கார் முறை போல ஓர் ஆசனத்தில் நீண்ட நேரம் நிற்பது, இவற்றுக்கு 2.2 முதல் 2.5. மூச்சோடு இணைத்து ஓடிக்கொண்டே இருக்கும் வின்யாச வகுப்புக்கு ஏறக்குறைய 3.6. பவர் யோகாவுக்கு 4. தரையில் படுத்தபடி சில நிமிடங்கள் ஒரே நிலையில் தளர்ந்திருக்கும் யின் யோகாவுக்கு நான் 1.5க்கு மேல் போடுவதில்லை. தமிழ்நாட்டில் பலரும் மனவளக்கலை மன்றங்களில் கற்கும் எளியமுறை உடற்பயிற்சியைத் தளர்த்தும் பயிற்சிகளோடு சேர்த்து 2.3 என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டும் என் மதிப்பீடு, ஆய்வில் அளந்த எண் அல்ல.

ஆனால் வகுப்பின் பெயர்ப்பலகையை நம்பி எண்ணை எடுக்க வேண்டாம். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அருமையாகக் காட்டுகிறது. உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் துல்லியமாக அளக்கக்கூடிய தனி அறைக்குள் 20 பேரைத் தொடக்கநிலை அஷ்டாங்க முறையில் பயிற்சி செய்ய வைத்தார்கள். அஷ்டாங்கம் என்றாலே கடினம் என்று எல்லோரும் சொல்வோம். கிடைத்த சராசரி 2.5 மெட், நிமிடத்துக்கு 3.2 கலோரி, நாடித்துடிப்பு 93. மெதுவான நடை அளவுதான். அஷ்டாங்கத்தைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸும், ஆசனத்தில் நிலைத்து நிற்பதை வலியுறுத்திய பி.கே.எஸ். ஐயங்காரும் ஒரே குருவின் மாணவர்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். மைசூரில் கற்பித்து, பின்னாளில் சென்னையில் வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியார்தான் அந்தக் குரு. ஒரே ஊற்றிலிருந்து இவ்வளவு வேறுபட்ட வேகங்கள் வந்திருக்கின்றன. ஆகவே பெயரைப் பார்க்காமல், உங்கள் உடம்பு எத்தனை நிமிடம் நிற்காமல் அசைந்தது என்பதைப் பாருங்கள்.

ஹாட் யோகா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் அதில்தான் அதிகம். ஏறக்குறைய 40 டிகிரி வெப்பமுள்ள அறையில் 90 நிமிடம், 26 ஆசனங்கள், இரண்டு மூச்சுப் பயிற்சிகள் என்பது பிக்ரம் முறை. ஒரே வகுப்பில் 1000 கலோரி போகும் என்று பேசிக்கொள்வார்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தபோது சராசரி ஆண்களுக்கு 460, பெண்களுக்கு 330 என்று வந்தது, அதுவும் 90 நிமிடத்துக்கு. வியர்வை வழிவது உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி. அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறி இல்லாத அறையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சட்டை நனைகிறது, அதனால் கொழுப்பு கரைவதில்லை. வகுப்பு முடிந்ததும் எடை முக்கால் கிலோ குறைந்திருந்தால் அது தண்ணீர். குடித்தால் திரும்பி வந்துவிடும், குடிக்கத்தான் வேண்டும்.

ஐந்தாம் படி: பெருக்கிக் கூட்டுங்கள்

ஒவ்வொரு துண்டின் நிமிடத்தையும் அதன் மெட் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். வந்ததை உங்கள் எடையால் பெருக்கி 60ஆல் வகுத்தால் கலோரி. ஒரு சாதாரணத் தொடக்கநிலை வகுப்பை எடுத்துக்கொள்வோம்:

கண்மூடி அமர்தல் 5 நிமிடம் × 1.3 = 6.5
தளர்த்தும் பயிற்சி 8 நிமிடம் × 2.3 = 18.4
சூரிய நமஸ்காரம், மெதுவாக 12 நிமிடம் × 3.3 = 39.6
ஆசனங்கள் 20 நிமிடம் × 2.5 = 50
பிராணாயாமம் 8 நிமிடம் × 1.3 = 10.4
சவாசனம் 7 நிமிடம் × 1 = 7

மொத்தம் 131.9, அதாவது 132. 60 கிலோ ஆளுக்கு 132 × 60 ÷ 60, ஆக 132 கலோரி. 75 கிலோ ஆளுக்கு 165. (60 கிலோ எடையுள்ளவர்களுக்குக் கடைசிப் பெருக்கலும் வகுத்தலும் தேவையே இல்லை, கூட்டுத்தொகையே விடை.)

நாடி சுத்திக்கு அமெரிக்கப் பட்டியல் 2 என்று சொல்லியும் நான் இங்கே 1.3 போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு எண் இருக்கும்போது சிறியதை எடுப்பது என் வழக்கம். அதிகமாகக் கணக்கிட்டு அதை நம்பிச் சாப்பிடுவதைவிட, குறைவாகக் கணக்கிட்டுப் பிறகு மகிழ்வது நல்லது.

ஜூன் 21 யோகா தினத்தில் செய்யும் 45 நிமிடப் பொது யோகப் பயிற்சி முறையை இதே வழியில் பிரித்துப் பார்த்தேன். தளர்த்தல், நிலைத்து நிற்கும் ஆசனங்கள், பிராணாயாமம், தியானம் எல்லாம் சேர்ந்து சராசரி 2 மெட் அளவில் வருகிறது. 60 கிலோ ஆளுக்கு 90 கலோரி.

ஆறாம் படி: சும்மா இருந்தாலும் போயிருக்கும் செலவைக் கழியுங்கள்

செயலிகள் பலவும் இதைச் செய்வதில்லை. அந்த ஒரு மணி நேரம் யோகாவுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்திருந்தாலும் 60 கிலோ ஆளுக்கு 60 கலோரி போயிருக்கும். யோகாவால் கூடுதலாகப் போனது 132 – 60, ஆக 72 கலோரி மட்டுமே. உணவோடு ஒப்பிடும்போதும் எடைக் கணக்குப் போடும்போதும் இந்த 72ஐத்தான் எடுக்க வேண்டும். 75 கிலோ ஆளுக்கு 90.

இதிலும் சிறு திருத்தம் உண்டு. சும்மா இருக்கும்போது கிலோவுக்கு மணிக்கு 1 கலோரி என்பது வசதிக்காக வைத்த எண். எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை நேரடியாக அளந்த 2005ஆம் ஆண்டு ஆய்வில் சராசரி 0.84தான் வந்தது. கறாராக இருக்க விரும்பினால் விடையை 0.84ஆல் பெருக்குங்கள், 72 என்பது 60 ஆகிவிடும். வயது கூடியவர்களும் உடல் பருமன் உள்ளவர்களும் இந்தத் திருத்தத்தைச் செய்வது நல்லது, அவர்களுக்கு ஓய்வுச் செலவு கிலோ கணக்கில் குறைவாக இருக்கும். மற்றவர்கள் விட்டுவிடலாம்.

கைக்கடிகாரம் வேறு எண் சொல்கிறதே?

சொல்லும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். நாடித்துடிப்பை அவற்றில் ஆறு நன்றாகவே அளந்தன. கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். இந்தக் கருவிகள் துடிப்பையும் அசைவையும் வைத்துக் கலோரியை ஊகிக்கின்றன. நடைக்கும் ஓட்டத்துக்கும் அந்த ஊகம் ஓரளவு பொருந்தலாம். யோகாவில் சிக்கல் அதிகம். சூடான அறையில் வெப்பத்தாலேயே துடிப்பு ஏறும். வீரபத்ராசனத்தில் அசையாமல் நிற்கும்போது தொடை நடுங்கினாலும் கை அசைவதில்லை. அதோமுக சுவானாசனத்தில் மணிக்கட்டு மடங்கி, கடிகாரம் தோலைவிட்டு விலகிவிடும். கடிகாரத்தைத் தூக்கிப் போட வேண்டாம். போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட அது உதவும். அதன் கலோரி எண்ணை மட்டும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கிடைத்த எண்ணை என்ன செய்வது?

முதலில், ஒற்றை எண்ணாக எழுதாமல் எல்லையாக எழுதுங்கள். 72 என்று வந்தால் 55 முதல் 90 வரை என்று எழுதுவதே நேர்மையானது. வீட்டில் இருந்தபடி இதைவிடத் துல்லியமாகப் போக வழியில்லை.

அடுத்து, சமையலறையோடு ஒப்பிடுங்கள். ஒரு தேக்கரண்டி சர்க்கரை 20 கலோரி. காலையும் மாலையும் இரண்டிரண்டு தேக்கரண்டி போட்டு டீ குடித்தால் 80. மேலே சொன்ன வகுப்பின் கூடுதல் செலவு முழுவதும் அந்த இரண்டு டம்ளரில் திரும்பி வந்துவிடுகிறது. மூன்று தேக்கரண்டி எண்ணெய் என்றால் 120க்கும் மேல். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7700 கலோரி என்பது வழக்கமான கணக்கு. 72ஆல் வகுத்தால் 107 வகுப்புகள்.

இதைப் படித்ததும் மனம் சோர்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. மெதுவான யோகா முதுகுக்கும் மூட்டுக்கும் தூக்கத்துக்கும் செய்வதைக் கலோரி அளக்காது. என் இடுப்பு வலி போனது இந்த மெதுவான வகுப்பால்தான். எடை குறைவதும் உங்கள் நோக்கம் என்றால், இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, யோகாவோடு நடையைச் சேர்ப்பது. அதே 60 கிலோ ஆள் ஒரு மணி நேரம் 3.5 மெட் நடையில் கூடுதலாகச் செலவிடுவது 150 கலோரி, வகுப்பைப் போல இரண்டு மடங்கு. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிதமானது என்றால் 3 மெட்டுக்கு மேல். ஹட யோகா அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது.

மற்றொன்று, வகுப்புக்குள்ளேயே நிற்காமல் ஓடும் பகுதியை நீட்டுவது. மேலே சொன்ன கணக்கில் சூரிய நமஸ்காரத்தை 12 நிமிடத்திலிருந்து 20 நிமிடமாக்கி, வேகத்தை 4 மெட் அளவுக்குக் கொண்டுவந்து, அமர்தலை 2 நிமிடமாகவும் ஆசனங்களை 15 நிமிடமாகவும் குறைத்துப் பாருங்கள். கூட்டுத்தொகை 156 ஆகிறது, கூடுதல் செலவு 72லிருந்து 96. சவாசனத்தை மட்டும் வெட்டாதீர்கள், அந்த 7 நிமிடத்தைப் பிடுங்குவதால் கலோரியில் பெரிதாக எதுவும் கிடைக்காது.

வேகத்தைக் கூட்டுவதற்கு முன் குறைந்தது இரண்டு மாதம் மெதுவாகச் செய்து, முன்னே குனியும்போதும் தரையில் இறங்கும்போதும் முதுகும் மணிக்கட்டும் வலிக்காத நிலைக்கு வந்துவிடுங்கள். கர்ப்பிணிகள், ரத்த அழுத்தம் அல்லது இதய நோய் உள்ளவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கலோரிக்காக வேகமான சுற்றுகளையோ, கபாலபாதி என்ற வேகமான மூச்சுப் பயிற்சியையோ கூட்ட வேண்டாம். முதலில் மருத்துவரிடம் கேளுங்கள், பிறகு ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

ஒரு சின்ன நோட்டில் நான்கு பத்தி போட்டால் போதும்: தேதி, எடை, நிற்காமல் அசைந்த நிமிடம், கூடுதல் செலவு. நான் வாரத்துக்கு ஒரு முறைதான் எழுதுகிறேன். எடை இரண்டு கிலோ மாறினாலோ, ஆசிரியர் வகுப்பின் ஒழுங்கை மாற்றினாலோ மட்டும் மறுபடி கடிகாரத்தைப் பார்த்துத் துண்டுகளைப் பிரிக்கிறேன். மூன்றாவது பத்தியில் உள்ள நிமிடம் 12லிருந்து 15, 15லிருந்து 18 என்று மெல்ல ஏறுகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.